கை ஓய்ந்தாலும் நிய்யத் ஓய்வதில்லை

 

பாரிசவாதம் கண்டு படுக்கையில் கிடக்கும் ஒருவர் நம்மில் பலரது வீட்டில் இருக்கிறார். உம்மாவாக இருக்கலாம், மாமியாக இருக்கலாம், கணவராகவும் இருக்கலாம். கை கால் அசையவில்லை, பேச்சும் வரவில்லை என்றதும், "அவவுக்கு இனி என்ன விளங்கப்போகுது?" என்று வீட்டார் முடிவுகட்டி விடுகிறார்கள். இந்த முடிவு சரிதானா?

அமெரிக்காவில் கேத்தி ஹட்சின்சன் என்றொரு பெண்மணி. பாரிசவாதத்தால் கைகால்களின் அசைவையும் பேச்சையும் இழந்து ஏறத்தாழ 15 வருடங்கள் கழிந்திருந்தன. 2011 ஏப்ரலில் ஓர் இயந்திரக் கை அவருக்காகக் கோப்பிப் போத்தலை எடுத்து வாயருகே கொண்டுவந்தது. குழாயால் உறிஞ்சிக் குடித்தார். அந்தக் கையை இயக்கியது அவரது எண்ணமே! 2012 மே மாதம் 'நேச்சர்' ஆய்விதழ் இதனை வெளியிட்டது.

இது எப்படி நடந்தது? கையை அசைக்கக் கட்டளையிடும் மூளைப் பகுதியில் 4 மில்லிமீற்றர் அகலமுள்ள சிறு தகடொன்றைப் பொருத்தியிருந்தார்கள். அதில் 96 நுண்ணிய மின்முனைகள். கையை நீட்ட வேண்டும் என்று அவர் எண்ணும்போது மூளையில் எழும் மின்துடிப்புகளை அவை பிடித்தன. கணினி அவற்றைக் கட்டளையாக மாற்றி இயந்திரக் கைக்கு அனுப்பியது. இத்தனை வருடம் கை அசையாதிருந்தும், 'அசை' என்னும் எண்ணம் மூளையில் அழியவில்லை. ஸுப்ஹானல்லாஹ்!

நம் நாட்டிலும் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ருவன் கோபுரவும் சகாக்களும், தசைகளில் எழும் மின்சமிக்ஞையால் இயங்கும் இயந்திரக் கைகளைப் பற்றி ஆராய்ந்திருக்கிறார்கள்.

"இது அல்லாஹ்வின் படைப்பில் தலையிடுவது ஆகாதா?" என்று சிலர் கேட்கலாம். அர்ஃபஜா (ரழி) அவர்கள் ஒரு போரில் மூக்கை இழந்தார்கள். வெள்ளி மூக்கு வைத்தார்கள். அது துர்நாற்றம் வீசியது. தங்கத்தால் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்களே பணித்தார்கள். அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் இச்செய்தி உள்ளது. ஆண்களுக்குத் தங்கம் ஹராமாயிருந்தும், இழந்த உறுப்புக்காக அனுமதி கிடைத்தது. ஆகவே செயற்கை உறுப்பில் தயக்கம் வேண்டாம்.

ஆனால் மூளையால் இயங்கும் கை நம்மூர் வைத்தியசாலைகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை. அதுவரை நோயாளிக்குக் கை யார்? நாம்தான்.

நமது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டத்தைப் பாருங்கள். நின்று தொழ முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்தும் தொழுவார். தலையால் சைகை செய்ய இயலாதவர் கண்ணிமையால் செய்வார். அதுவும் இயலாவிட்டால் ருகூவையும் ஸுஜூதையும் உள்ளத்தில் நடத்துவார். புத்தி தெளிவாக இருக்கும்வரை தொழுகை கடமைதான். உடல் முழுதும் ஓய்ந்த பின்னும் உள்ளத்தின் நிய்யத்தை மார்க்கம் ஓர் அமலாகவே கணக்கில் எடுக்கிறது. அப்படிப்பட்டவரை நாம் கணக்கில் எடுக்காமல் விடலாமா?

ஆகவே சகோதரிகளே, வக்து வந்ததும் அவரிடம் சொல்லுங்கள். அசையாத கையும் வுழூவில் கழுவப்பட வேண்டிய கைதான். டிக்கோயாக் குளிரில் சுடுதண்ணீர் கலந்து நீங்கள் கழுவிவிடுங்கள். கிப்லாவின் பக்கம் திருப்பிவிடுங்கள். பேச்சு வராவிட்டால், ஆம் என்றால் ஒருமுறை, இல்லை என்றால் இருமுறை கண் சிமிட்டச் சொல்லிப் பழக்குங்கள். தேநீரா, கஞ்சியா, எந்தப் பக்கம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று கேட்டுச் செய்யுங்கள். கேளாமல் ஊட்டுவது பணிவிடை. கேட்டு ஊட்டுவது கண்ணியம். பிசியோதெரபி பயிற்சி பற்றி வைத்தியரிடம் விசாரியுங்கள்.

ஆரோக்கியத்தில் செய்துவந்த நல்லமல்களின் கூலி, நோயுற்ற காலத்திலும் அடியானுக்கு எழுதப்படும் என்பது நபிமொழி. படுக்கையில் இருப்பவரின் ஏடு மூடப்படவில்லை. அவருக்குக் கையாக நிற்பவரின் ஏட்டிலும் நன்மை எழுதப்படும், இன்ஷா அல்லாஹ்.

வல்ல அல்லாஹ் நம் நோயாளிகளுக்கு ஷிஃபாவையும் நமக்குப் பொறுமையையும் தந்தருள்வானாக. ஆமீன்.