ரிசப்ஷன் வேலைக்குப் போகும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு



காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். பட்டப்படிப்பு முடிந்துவிட்டது. ஊரிலேயே ஒரு ஓட்டலில் ரிசப்ஷன் வேலைக்கு இன்டர்வியூ வந்திருக்கிறது. "எனக்கு இங்கிலீஷ் சரளமா வராது, ஓட்டல் படிப்பும் படிக்கல, போகலாமா?" என்று கேட்கிறார். அவருக்குத் தனியாகப் பதில் போட்டுவிட்டேன். இதே தயக்கத்தோடு இன்னும் பல வீடுகளில் பிள்ளைகள் இருப்பார்கள். இந்த மாதப் பக்கம் அவர்களுக்கு.

போகலாம் அம்மா, தாராளமாகப் போகலாம். காஞ்சிபுரத்தில் ரிசப்ஷனுக்கு வந்து நிற்கிறவர்கள் ஓட்டலைப் பற்றிக் கேட்பதைவிட ஊரைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். வரதராஜர் கோயில் நடை எப்போது சாத்துவார்கள், தங்கப் பல்லி எங்கே இருக்கிறது, குடலை இட்லி எங்கே கிடைக்கும், கைலாசநாதர் கோயிலுக்கு ஆட்டோவில் போக எவ்வளவு நேரமாகும், முகூர்த்தப் பட்டு எந்தக் கடையில் எடுக்கலாம் என்று வரிசையாகக் கேள்விகள் வரும். வெளியூரிலிருந்து பட்டயத்தோடு வருகிறவர் இதையெல்லாம் இனிமேல்தான் கற்க வேண்டும். நீங்களோ இந்தத் தெருக்களிலேயே வளர்ந்தவர்.

மேனேஜர்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. விருந்தினர் வந்துவிட்டார், ரூம் இன்னும் தயாராகவில்லை, கோபப்படுகிறார், என்ன செய்வீர்கள்? "பொறுமையாகப் பேசுவேன்" என்று எல்லோரும் சொல்வார்கள். உங்களிடம் அதைவிட நல்ல பதில் இருக்கிறது. காலை பத்தரைக்கு ஒரு குடும்பம் வந்து நிற்கிறது, செக்-இன் பன்னிரண்டு மணிக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு, பன்னிரண்டரை வாக்கில் கோயில்களில் நடை சாத்திவிடுவார்கள், மறுபடி திறக்க நாலு மணி ஆகும். ரூமுக்காக அவர்கள் சோபாவில் காத்திருந்தால் காலைத் தரிசனமும் கைவிட்டுப் போகும். "பெட்டியை இங்கேயே வெச்சிட்டுப் போங்கம்மா, டோக்கன் தர்றேன். முகம் கழுவிக்கிட்டு இப்பவே கிளம்பினா காமாட்சியம்மனையும் ஏகாம்பரநாதரையும் பார்த்துடலாம், ரெண்டும் பக்கம் பக்கம்தான். நீங்க வர்றதுக்குள்ள ரூம் ரெடியா இருக்கும். சாயங்காலம் சின்னக் காஞ்சிபுரம் போய் வரதராஜரைப் பார்க்கலாம்." இதை இன்டர்வியூவில் அப்படியே பேசிக் காட்டுங்கள். அவர்கள் கிளம்பியதும் ஹவுஸ்கீப்பிங்குக்குப் போன் செய்து, அந்த ரூமை முதலில் முடிக்கச் சொல்வேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இப்படி யோசிக்கத் தெரிந்தவரைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

வரதராஜர் கோயிலில் நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை தரிசனம் தரும் அத்திவரதர் நாட்களையும் நினைத்துப் பாருங்கள். 1979-க்குப் பிறகு 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, 48 நாள், ஊரே திணறியது. ஒரு கோடிப் பேர் வந்ததாகக் கணக்குச் சொன்னார்கள். அடுத்தது 2059-ல்தான். ஆனாலும் வைகாசி கருட சேவைக்கும் முகூர்த்த மாதங்களுக்கும் ரூம்கள் நிரம்பத்தான் செய்யும். முன்பதிவு செய்தவர் வந்து நிற்கும்போது கொடுக்க ரூம் இல்லை என்ற நிலையும் வரும். அப்போது பக்கத்து ஓட்டலுக்குப் போன் செய்து, அதே தரத்தில் ரூம் உறுதியான பிறகே விருந்தினரை அனுப்ப வேண்டும். போய்ச்சேர வண்டியும் நம் பொறுப்பு. 2019-ல் ரிசப்ஷனில் நின்றவர்கள் உங்களுக்குத் தெரிந்தவர்களிலேயே இருப்பார்கள். ஒரு சாயங்காலம் போய், எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்டு வாருங்கள்.

பயோடேட்டாவைப் பற்றி ஒரு வருத்தம் எனக்கு உண்டு. தறி இருக்கும் வீட்டுப் பிள்ளைகள் பலர் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை. தீபாவளி நேரத்தில் காந்தி ரோடு பட்டுக் கடையில் விற்பனைக்கு நின்றதை "அதெல்லாம் ஒரு அனுபவமா" என்று விட்டுவிடுகிறார்கள். ஐம்பது புடவையைப் பிரித்துக் காட்டிய பிறகும் "அப்புறம் வர்றோம்" என்று எழுந்து போகிறவரைச் சிரித்த முகத்தோடு வழியனுப்பியவருக்கு ரிசப்ஷன் வேலையில் பெரும்பகுதி ஏற்கெனவே தெரியும். அதை முதலில் எழுதுங்கள். மொழியிலும் இதே கதைதான். நம் நெசவுக் குடும்பங்களில் தெலுங்கு பேசும் வீடுகள் எத்தனை! எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் "தெரிந்த மொழிகள்" என்ற இடத்தில் அதைப் போடுவதில்லை. ஆந்திரா, தெலங்கானாவிலிருந்து தரிசனத்துக்கு வருகிற பெரியவர்களிடம் அவர்கள் மொழியில் நாலு வார்த்தை பேசுகிறவர் எந்த ஓட்டலுக்கும் வேண்டியவர். "பேச வரும்" என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

இங்கிலீஷும் வேண்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்காகக் கொரியர்களும் ஜப்பானியர்களும் வந்து போகும் மாவட்டம் இது. அவர்களுக்கும் இங்கிலீஷ் இரண்டாவது மொழிதான். மெதுவாக, சின்னச் சின்ன வாக்கியங்களில் பேசினால் போதும். வரவேற்பது, அடையாள அட்டை கேட்பது, பில் விளக்குவது, மன்னிப்புக் கேட்பது, வழி சொல்வது ஆகியவற்றுக்கான வாக்கியங்களை வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். முறையாகப் படிக்க நினைப்பவர்களுக்குத் தரமணியிலும் திருச்சி துவாக்குடியிலும் அரசு ஓட்டல் மேலாண்மைக் கல்வி நிறுவனங்கள் இருக்கின்றன.

எழுத்து வேலையில் சிலவற்றைத் தெரிந்துகொண்டு போனால் மதிப்பு கூடும். வெளிநாட்டவர் தங்கினால் அவர் பாஸ்போர்ட், விசா விவரங்களை 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறைக்கு இணையம் வழியாக அனுப்ப வேண்டும். நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள ரூமுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். யாராவது போன் செய்து "இன்னார் எந்த ரூம்ல இருக்கார்?" என்று கேட்டால், சொந்தக்காரர் என்றே சொன்னாலும் நம்பரைச் சொல்லக் கூடாது. விருந்தினரைக் கேட்டுவிட்டு லைன் கொடுக்கலாம். இந்தக் கடைசி விஷயத்தை இன்டர்வியூவில் பெரும்பாலும் கேட்பார்கள்.

பட்டு விஷயம்தான் எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுகிறது. எந்தக் கடை என்று கேட்கிறவரை அனுப்பி வைத்தால் கமிஷன் தருகிற பழக்கம் ஊரில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பணம் புடவை விலையில்தான் ஏறும். பெண்ணின் கல்யாணத்துக்காக வருஷக்கணக்கில் சேர்த்து வைத்த பணத்தோடு வந்திருப்பார்கள். அவர்களிடம் ஒரு கடைப் பெயரைத் திணிக்காதீர்கள். சில்க் மார்க் முத்திரையைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள், கூட்டுறவு சங்கங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லுங்கள், நாலு கடை ஏறி இறங்கச் சொல்லுங்கள். கோர்வை போட்டு நெய்த கரை எப்படி இருக்கும் என்று நீங்கள் கட்டியிருக்கும் புடவையிலேயே காட்ட முடிந்தால் இன்னும் நல்லது. காஞ்சிப் பட்டுக்கு 2005-06-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயர் கெடாமல் இருப்பதில் ரிசப்ஷனில் நிற்பவருக்கும் பங்கு உண்டு.

கடைசியில் "உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா?" என்பார்கள். தயங்காமல் கேளுங்கள். தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் திருத்தம் வந்தது. நின்றே வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்கிறது அது. மேசைக்குப் பின்னால் நாற்காலி இருக்கிறதா என்று போகும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பெண்களை இரவு எட்டு மணிக்கு மேல் வேலைக்கு வைக்க எழுத்துப்பூர்வமான சம்மதம் வாங்க வேண்டும், பாதுகாப்பும் போக்குவரத்தும் தர வேண்டும் என்று அரசாணை இருக்கிறது. நைட் ஷிஃப்ட் உண்டா, வீட்டுக்கு வண்டி விடுவார்களா, வாரத்தில் எந்த நாள் லீவு, கல்லாவில் பணம் குறைந்தால் யார் பொறுப்பு என்பதையெல்லாம் சேரும் முன்பே மரியாதையாகக் கேட்டுவிடுங்கள்.

இன்டர்வியூ முடித்து வந்ததும், என்ன கேட்டார்கள், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் எழுதுங்கள். அடுத்துப் போகிறவர்களுக்கு உதவுமாறு வரும் இதழ்களில் அவற்றைத் தொகுத்துத் தருகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்