பாஸ் பயணம்: நீந்தச் சென்றோம், பார்த்து வந்தோம்

பூஜை விடுமுறை நெருங்கினால் கரக்பூர் ரயில்வே குடியிருப்பில் எல்லார் வீட்டிலும் ஒரே பேச்சுத்தான்: இவ்வாண்டு பாஸை எந்த ஊருக்கு எழுதுவது? வழக்கமாக எங்கள் பாஸ் சென்னைக்கே செல்லும். இம்முறை என் மூத்த பெண் குறுக்கே நின்றாள். அயல்நாட்டுச் சிறுமி ஒருத்தி டால்பின்களோடு கடலில் நீந்தும் படத்தைப் பார்த்துவிட்டு, தானும் அவ்வாறே நீந்த வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தாள். புரிக்கு அருகே சிலிகாக் காயலில் டால்பின் உண்டு என்று நானும் முன்பின் யோசியாமல் சொல்லிவிட்டேன். அன்று முதல் பக்கத்துக் குளத்தில் என் தோளைப் பற்றிக்கொண்டு நீச்சல் பழகலானாள்.

புரியில் ஜகந்நாதரைத் தரிசித்து, மறுநாள் வைகறையில் பேருந்து ஏறினோம். ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் சாதபடா என்னும் சிற்றூர். அங்கிருந்துதான் படகுகள் புறப்படுகின்றன. “எந்த இடத்தில் இறங்கி நீந்தலாம்?” என்று மகள் தனக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டாள். முதிய படகோட்டி சிரித்தார். “நீந்துவதா? கிட்டே போகவே கூடாது, அம்மா” என்றார். குழந்தையின் முகம் வாடிவிட்டது. விசாரியாமல் வண்டியேறும் பிரயாணிகளைத் தினமும் கடிந்துகொள்ளும் குமாஸ்தாவாகிய நான், விசாரியாமலே வாக்குக் கொடுத்திருந்தேன்!

அவ்வேளையில் வேறொரு படகுக்காரர் என்னைத் தனியே அழைத்து, மேற்கொண்டு கொஞ்சம் பணம் கொடுத்தால் டால்பின்களைத் துரத்திச் சென்று கைக்கெட்டும் தூரத்தில் காட்டுவதாகச் சொன்னார். உண்மையைச் சொல்கிறேன், அன்பர்களே, என் கை சட்டைப்பைக்குச் சென்றது. முதியவர் ஒன்றும் பேசாமல், தம் படகின் இயந்திரத் தண்டைத் தூக்கி அதன் சுழல்விசிறியைக் காட்டினார். இது பட்டால் முதுகு கிழியும் என்பதை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கையை எடுத்துவிட்டேன். மகள் அரைமணி நேரம் என்னோடு பேசவில்லை.

சிலிகாவில் வாழ்வது ஐராவதி டால்பின். நம் மீனவர் டால்பினை ஓங்கில் என்பர். படங்களில் காணும் டால்பினைப்போல் இதற்கு நீண்ட அலகு கிடையாது. உருண்டை மண்டை, சிறிய முதுகுத் துடுப்பு. துள்ளிக் குதிப்பது அரிது. கூச்ச சுபாவமுள்ள பிராணி. பெயர் பர்மா நதியினுடையதாயினும், 1852-இல் விசாகப்பட்டினத் துறைமுகத்தில் கிடைத்த ஒன்றைக் கொண்டே ரிச்சர்டு ஓவன் என்னும் ஆங்கில அறிஞர் 1866-இல் இவ்வினத்தை விவரித்து எழுதினார். ஊர் செல்லும் வழியில் நாம் தேநீர் அருந்தும் அதே விசாகப்பட்டினந்தான்!

சிலிகாவில் இவை 150 அளவிலேயே உள்ளன. கடல்முகம் தூர்ந்து காயல் நலிந்த காலமும் உண்டு. 2000-ஆம் ஆண்டில் புதிய முகத்துவாரம் வெட்டிய பின்னரே மீன்வளம் மீண்டது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இவற்றை முதல் அட்டவணையில் வைத்துக் காக்கிறது. டால்பின்களைத் தொட்டியில் அடைத்து வித்தை காட்டுவதற்கும் 2013-இல் மத்திய அரசு தடை விதித்தது.

நடுக்காயலில் முதியவர் இயந்திரத்தை நிறுத்தினார். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு, ‘புஸ்’ என்று ஒரு மூச்சு. சாம்பல் நிற முதுகு ஒன்று எழுந்து தாழ்ந்தது. அதன் பக்கத்தில் ஒரு குட்டி. மகள் என் கையை இறுகப் பற்றினாள். “அப்பா, அதுவும் நம்மைப்போல் மூச்சு விடுகிறதே!” என்றாள். கோபம் அத்துடன் தீர்ந்தது.

அயலூரில் வாழும் நாம், அடுத்த வீட்டில் எதுவரை நுழையலாம் என்று அறிந்தவர்கள். டால்பினுக்குக் காயலே வீடு. வாசலில் நின்று பார்த்து வருவதே மரியாதை. நீங்களும் சென்று வாருங்கள். படகேறுமுன், துரத்த வேண்டாம் என்று சொல்லி ஏறுங்கள். குழந்தைகளுக்கு வாக்குக் கொடுக்குமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.