மேஜைக்கு வயசு என்ன?

'பாஸ், தாத்தாவோட எழுத்து மேஜை ஒண்ணு வீட்டுல சும்மா கிடக்கு. பழைய மரச்சாமான் எடுக்குறவர் 3,000 ரூபாய் தர்றேங்கறார். தள்ளிவிட்டுடவா?' – செமஸ்டர் ஃபீஸ் டென்ஷனில் இருந்த ஃப்ரெண்ட் போன் பண்ணிக் கேட்டான். காரைக்குடிக்காரன். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுத, மூடி சாய்வா இருக்குமே... அந்தக் கணக்குப்பிள்ளை மேஜை. உள்ளே ரெண்டு குட்டி டிராயர்.

'இருடா, வர்றேன்'னு பஸ் ஏறிட்டேன்.

இந்த விஷயத்தில் மேல்பக்கத்தை நம்பவே கூடாது. அது மேக்கப்! டிராயரை உருவித் தலைகீழாகக் கவிழ்த்துங்க. பலகைகள் சேர்ற மூலையில் புறா வால் மாதிரி விரிந்த பற்கள் இருக்கும். எல்லாப் பல்லும் அச்சடிச்ச மாதிரி ஒரே அளவா? மெஷின் வேலை. ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு, பக்கத்துல கோடு கீறின தடம்? ஆசாரியின் கைவேலை. அதுக்காக உடனே '100 வருஷம்!'னு குதிக்காதீங்க. மேலைநாடுகளில் 1800-களின் கடைசியிலேயே மெஷின் புகுந்துடுச்சு. நம்ம ஊர்ல கைவேலை அதுக்கப்புறமும் ரொம்ப காலம் ஓடுச்சு.

அடுத்து, ஸ்க்ரூ. தலையில் கூட்டல் குறி இருந்தா, அந்த ஸ்க்ரூ 1930-களுக்கு முந்தினதா இருக்க வாய்ப்பில்லை. நம்மாளு மேஜையில் கீல் முழுக்கக் கூட்டல் குறி! பையன் மூஞ்சி தொங்கிடுச்சு. உத்துப் பார்த்தா, பக்கத்துலயே பழைய ஓட்டை ரெண்டு, மரத்தூள் வெச்சு அடைச்சிருந்தது. புதுசு கீல்தான், மேஜை இல்லை.

விலை? தேக்கா, பித்தளைக் கைப்பிடி ஒரிஜினலா, செல்லரிச்சிருக்கா, யார் வீட்டுச் சாமான் – எல்லாம் சேர்ந்துதான். 'பாலிஷ் போட்டுக் கொடுத்தா ரேட் ஏறுமே'ன்னாங்க அவங்க அம்மா. ஐயோ, வேணாம்மா! வயசேறின அந்த நிறத்தைச் சுரண்டிட்டா, சேகரிக்கறவங்க பலர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. மூணு பேர்கிட்ட காட்டுங்க. அதுல ஒருத்தராவது வாங்க வராத ஆளா இருக்கணும். 'ஃபாரின்காரர் டாலர்ல தருவார்'னு யாராவது சொன்னா உஷார். 100 வருஷம் தாண்டின தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ம் வருஷச் சட்டம் தடை போடுது.

சாயங்காலம் வியாபாரி மறுபடி வந்தார். தலைகீழா கிடந்த டிராயரைப் பார்த்தார். யாரும் எதுவும் கேட்கலை. 'எட்டாயிரம் தர்றேன் தம்பி' என்றார். ஃப்ரெண்ட் என்னைப் பார்த்தான். நான் அவங்க அம்மாவைப் பார்த்தேன்.

ஃபீஸுக்குக் கடைசி தேதி வெள்ளிக்கிழமை. மேஜை இன்னும் திண்ணையிலதான் இருக்கு.