கதைக்கு அளவெடுத்த பிறகு வரைபடம் வரையுங்கள்

யுபிசாஃப்ட் நிறுவனத்தின் வாண்டேஜ் ஸ்டூடியோஸ்,
அசாசின்ஸ் க்ரீட் தொடரின் கதைப் பொறுப்பாளர்களுக்கு



டென்சென்ட்டின் 116 கோடி யூரோ முதலீட்டோடு உங்கள் பிரிவு 2025-ல் தனிக் கம்பெனியாக வந்திருக்கிறது. அசாசின்ஸ் க்ரீட், ஃபார் க்ரை, ரெயின்போ சிக்ஸ் மூன்றும் இனி உங்கள் பொறுப்பு. புது நிர்வாகம் என்றால் எந்த கேம் எந்த ஆண்டு, எத்தனை பேர் வேலை, எவ்வளவு செலவு என்று ஆயிரம் கணக்கு இருக்கும். அதற்குள் நாங்கள் தலையிடவில்லை. 2007 முதல் இந்தத் தொடரை விடாமல் ஆடிவரும் எங்களுக்கு, அதில் கதை நடக்கும் நடையைப் பற்றி மட்டும் கொஞ்சம் பேச இருக்கிறது.

2020-ல் வந்த வால்ஹல்லாவில் ஓர் இடம். நாயகி ஐவோரின் உடன்பிறவா அண்ணன் சிகுர்ட், ஃபுல்க் என்பவளின் பிடியில் சிக்கிவிடுகிறான். அவள் என்னென்ன செய்வாள் என்று ஐவோருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். உடனே ஓட வேண்டிய நேரம். ஐவோரோ ஊர் திரும்பி, அங்கே ராண்ட்வி என்பவளின் மேசையில் விரித்திருக்கும் வரைபடத்தைப் பார்த்து அடுத்த மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறாள். எசெக்ஸில் ஒரு பிரபுவின் மனைவிக்குப் பிறந்த நாட்டுக்கே திரும்பிப் போய்விட ஆசை. அந்தக் குடும்பச் சிக்கலைத் தீர்க்க வேண்டும். வழியில் குடிப் போட்டி, வசைக் கவிதைப் போட்டி. எல்லாம் முடித்து, அடுத்த இடத்துக்கு கேம் கேட்கும் சக்தி எண்ணையும் ஏற்றிக்கொண்டு சசெக்ஸ் போய்ச் சேரும்போது சிகுர்டுக்கு ஒரு கை இல்லை. மீட்கும் காட்சியை நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், நடித்தவர்களும் குறை வைக்கவில்லை. ஆனால் ஆடுகிறவரின் பதற்றம் எசெக்ஸிலேயே வடிந்துவிட்டது. அண்ணனைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய நேரத்தில் அடுத்தவர் வீட்டுப் பஞ்சாயத்தில் உட்கார வைத்துவிட்டீர்கள்.

கதை நீளம் என்பது எங்கள் புகார் இல்லை. மெதுவாகப் போகிறது என்பதும் இல்லை. 2012-ல் வந்த மூன்றாம் பாகத்தை மெதுவான தொடக்கத்துக்காகப் பலர் திட்டினார்கள். நாயகன் கானர் வருவதற்கு முன்பு சில மணி நேரம் ஹேதம் கென்வே என்ற ஆங்கிலேயரோடு நடக்க வேண்டியிருந்தது. அவர் கப்பலேறி பாஸ்டன் வந்து, ஆள் சேர்த்து, மரியாதையாகப் பேசி நம் நம்பிக்கையைப் பெறுகிறார். பிறகுதான் அவர் எதிரணியான டெம்ப்ளர் என்று தெரிகிறது. அந்தச் சில மணி நேரத்தைக் கத்தரித்திருந்தால் பின்னால் அவரும் மகன் கானரும் எதிரெதிரே நிற்பதற்கு என்ன கனம் இருந்திருக்கும்? எங்கள் கணக்கில் இந்தத் தொடரின் துணிச்சலான தொடக்கம் அதுதான். ஒவ்வொரு அடியும் எங்கேயோ கொண்டுபோனது. வால்ஹல்லாவின் மாவட்டங்களில் பாதிக்கு மேல் அப்படி எங்கும் கொண்டுபோவதில்லை.

நோய் வேறு இடத்தில் இருக்கிறது. முன்பு கதையின் வேகத்தைக் கதை எழுதியவர் வைத்திருந்தார். இப்போது வரைபடம் வைத்திருக்கிறது.

2017-ல் ஒரிஜின்ஸில் எகிப்துக்குப் போனபோது இது தொடங்கியது. பேயெக்கும் ஆயாவும் மகனைப் பறிகொடுத்தவர்கள்; அந்தத் துயரம் கதையைக் கடைசி வரை இழுத்துப் பிடித்திருந்ததால் மற்றதை மன்னிக்க முடிந்தது. அடுத்த ஆண்டு ஒடிஸியில் கசாண்ட்ரா தொலைந்த தாயைத் தேடிக் கிரேக்கம் முழுக்க அலைகிறாள். தாய் இருக்கும் திசை தெரிந்ததும் போகலாமென்றால், உன் நிலை போதாது, நாலு முகாமை அழித்துவிட்டு வா என்கிறது கேம். மகளைத் தடுப்பது கடலோ போரோ அல்ல, ஓர் எண். அந்த எண்ணைச் சீக்கிரம் ஏற்றும் ஊக்கியை உங்கள் கடையிலேயே காசுக்கு விற்றீர்கள். விற்பதற்காகவே கதையை இழுத்தீர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்தச் சந்தேகம் வரும்படி நடந்துகொண்டது நீங்கள்.

மருந்து உங்கள் அலமாரியிலேயே இருக்கிறது. முதல் கேமை எடுத்துப் பாருங்கள். பாத்ரிஸ் டெசிலே தலைமையில் மான்ட்ரியல் குழு செய்த 2007-ஆம் ஆண்டு அசாசின்ஸ் க்ரீட். ஒட்டுக்கேட்பது, மடியில் இருப்பதைத் திருடுவது, உளவாளியை அடித்து உண்மை வாங்குவது என்று அதன் விசாரணை வேலைகள் ஒரே மாதிரி வந்து அலுப்பூட்டின. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கதையின் எலும்புக்கூடு இன்றும் அசையவில்லை. சிலுவைப் போர்க் காலத்து டமாஸ்கஸ், ஏக்கர், ஜெருசலேம் மூன்று நகரங்களில் நாயகன் அல்தயிர் கொல்ல வேண்டியவர்கள் ஒன்பது பேர். சில கட்டங்களில் இரண்டு மூன்று பேரில் யாரை முதலில் தொடுவது என்பது நம் விருப்பம். அதாவது இன்று நீங்கள் பெருமையாகச் சொல்லும் சுதந்திரம் அன்றே இருந்தது. ஆனால் அது கட்டத்துக்குள் அடங்கிய சுதந்திரம். கட்டம் முடிந்தால் கதவு மூடும். ஒவ்வொரு கொலைக்குப் பிறகும் மாசியாஃப் கோட்டைக்குத் திரும்பி, குரு அல் முவாலிம் முன்னால் நிற்க வேண்டும். சாகிறவன் கடைசி மூச்சில் சொன்ன வார்த்தை அல்தயிரின் மனதில் முள்ளாகத் தைத்திருக்கும். அதைக் குருவிடம் கேட்பான், குரு மழுப்புவார். அந்த மழுப்பல் ஒவ்வொன்றும் அடுத்த கேள்வியைக் கூர்மையாக்கும். பட்டியலில் இல்லாத பத்தாவது ஆள் குருவே என்று தெரியவரும்போது, இழந்த பதவியைப் படிப்படியாக மீட்டு வந்த அல்தயிரோடு நாமும் அந்தச் சந்தேகத்தில் வளர்ந்து வந்திருப்போம். யாரை முதலில் கொன்றாலும் சந்தேகம் ஒரே திசையில்தான் நகர்ந்தது.

இதோடு 2025 மார்ச்சில் வந்த ஷேடோஸை வைத்துப் பாருங்கள். தொடக்கம் அருமை. ஜப்பானில் நொபுனாகாவின் படை இகா பகுதிக்குள் நுழைகிறது, முகமூடிக்காரர்கள் நாயகி நவோயேவின் தந்தையைக் கொல்கிறார்கள், அவள் பழி வாங்க உறுதி எடுக்கிறாள். இன்னொரு நாயகன் யாசுகேயை முன்னுரையில் காட்டிவிட்டுப் பல மணி நேரம் கண்ணிலேயே காட்டாமல் வைத்ததும் எங்களுக்குப் பிடித்தது. நவோயே தியானத்தில் உட்கார்ந்தால் அப்பாவோடு கழித்த பழைய நாட்கள் விரிவது மிக அழகு; பரபரப்பான கேமில் உட்கார்ந்து மூச்சு விட இடம் கொடுத்தீர்கள். பிறகு ஷின்பாகுஃபு என்ற அந்த முகமூடிக் கூட்டத்தின் பன்னிரண்டு முகங்களை ஒரு பலகையில் வட்டமாக ஒட்டி, எந்த வரிசையில் வேண்டுமானாலும் போ என்று அனுப்பிவிட்டீர்கள். அங்கே கதை நின்றுபோகிறது. எந்த வரிசையிலும் ஆடலாம் என்றால் எந்த அத்தியாயத்துக்கும் மற்ற அத்தியாயம் தெரிந்திருக்கக் கூடாது. ஏழாவது ஆள் செத்த செய்தி எட்டாவது ஆளை நடுங்க வைக்காது. நவோயேவும் எட்டாவது கொலையில் முதல் கொலையில் பேசியது போலத்தான் பேச முடியும், ஏனென்றால் அதுவே சிலருக்கு முதல் கொலை. எழுத்தாளர்கள் சோம்பேறிகள் இல்லை. பலகை அவர்கள் கையைக் கட்டிவிட்டது. இதற்கும் மேலே, பதில்களை கேமே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் கேனன் பயன்முறை வேறு. எந்தப் பதிலைச் சொன்னாலும் பெரிதாக ஒன்றும் மாறாது என்று கம்பெனியே ஒத்துக்கொண்டது போல இருந்தது.

நவோயே தன் தாய் உயிரோடு இருக்கக்கூடும் என்று அறியும் இடத்தில் கேம் முடிகிறது. தாயைக் காண செப்டம்பரில் தனியாக வந்த அவாஜி துணைக்கதை வரை போக வேண்டும். இது புதுப் பழக்கம் இல்லை. 2009-ல் இரண்டாம் பாகத்தில் பன்னிரண்டு, பதின்மூன்றாம் நினைவுத் தொகுதிகள், அதாவது அத்தியாயங்கள், பழுதாகிவிட்டன என்று கதைக்குள்ளேயே காரணம் சொல்லி, அடுத்த ஆண்டு அவற்றைத் தனியாக விற்றீர்கள். அவை நடுவில் இருந்தவை. இல்லாமலும் நாயகன் எட்ஸியோவின் கதை ஓடியது. இப்போது கழற்றி வைப்பது கதையின் முடிவையே.

கடைசியாக, தொடரின் நிகழ்காலக் கதையும் அதன் வில்லி ஜூனோவும். 2012-ல் உலகத்தைக் காப்பாற்ற அந்தக் கதையின் நாயகன் டெஸ்மண்ட் மைல்ஸ் உயிரைக் கொடுத்தான். அந்தச் சாவுதான் ஜூனோவைச் சிறையிலிருந்து விடுவித்தது. ஐந்து பெரிய கேம்களாக நாங்கள் கூடவே வந்த இளைஞன் அவன். அவனைப் பலி கொடுத்து வெளியே வந்தவள் என்ன செய்யப்போகிறாள் என்று காத்திருந்தோம். தொடர்கதை படித்து வளர்ந்த எங்கள் ஊர்க்காரர்களுக்குக் காத்திருப்பது கஷ்டமே இல்லை. அடுத்த இதழ் வரும் என்ற நம்பிக்கை மட்டும் போதும். நீங்களோ அவள் கதையை எந்தக் கேமிலும் முடிக்காமல் ஒரு காமிக்ஸ் தொடரில் முடித்துவிட்டீர்கள். கேம் மட்டும் ஆடுகிறவருக்கு அவள் இன்னும் எங்கோ அலைந்துகொண்டிருக்கிறாள். அடுத்த நிகழ்கால நாயகி லேலா ஹசனை மூன்று கேம்களுக்கு இழுத்து, வால்ஹல்லாவில் அவசர அவசரமாகக் கணக்குத் தீர்த்தீர்கள். ஷேடோஸில் நிகழ்காலக் கதை மெனுவின் ஓரத்துக்குப் போய்விட்டது. வேண்டாமென்றால் அதை முற்றாக எடுத்துவிடுங்கள், யாரும் சண்டைக்கு வரமாட்டோம். வைத்திருப்பதாகக் காட்டிக்கொண்டு பட்டினி போடாதீர்கள்.

பெரிய வரைபடம்தான் விற்கிறது என்று நீங்கள் சொல்லலாம். வால்ஹல்லா நன்றாக விற்றது உண்மை. ஆனால் 2023-ல் மிராஜை ஏன் செய்தீர்கள்? துணைக்கதையாகத் தொடங்கிய அதை பாக்தாத் என்ற ஒரே நகரத்துக்குள் அடக்கி, சின்ன கேமாக வெளியிட்டீர்கள். முடிவு கொஞ்சம் அவசரம், நாயகன் பாசிமின் மனதுக்குள் இன்னும் இறங்கியிருக்கலாம். ஆனாலும் அதைத் தொடங்கியவர்கள் முடித்தார்கள். ஒரு கொலைக்கும் அடுத்த கொலைக்கும் நடுவில் எதற்காகக் கொல்கிறோம் என்பது மறந்துபோகவில்லை.

ஹெக்ஸ் என்ற பெயரில் 2022-ல் நீங்கள் அறிவித்த கேமுக்காகக் காத்திருக்கிறோம். அதில் இலக்குப் பலகை வேண்டுமென்றால் வையுங்கள், ஆனால் மூன்று மூன்று முகங்களாகப் பிரித்து வையுங்கள். ஒவ்வொரு மூன்று பேருக்குப் பிறகும் நாயகியோ நாயகனோ யாரோ ஒருவர் முன்னால் வந்து நின்று பதில் சொல்லட்டும். கதவு மூட வேண்டிய இடத்தைச் சக்தி எண்ணிடம் கொடுக்காமல் எழுத்தாளரிடமே விடுங்கள். அடுத்த அறிவிப்பில் வரைபடம் எவ்வளவு பெரியது என்று சொல்வதை ஒதுக்கிவிட்டு, கதை எத்தனை கட்டம், கடைசிக் கட்டம் நாங்கள் வாங்கும் பெட்டிக்குள்ளேயே இருக்கிறதா என்ற இரண்டை மட்டும் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
ஆசிரியர்