டோக்கன் வெளியிடப் போகிறீர்களா? கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள்!

சொந்தமாக டிஜிட்டல் டோக்கன் வெளியிட நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எந்த பிளாக்செயின் நெட்வொர்க்கில் கட்டணம் குறைவு?" என்பதுதான். கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி அது என்பேன்.

பல கம்ப்யூட்டர்கள் ஒரே கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பதிவையும் தனித்தனியே சரிபார்ப்பதுதான் பிளாக்செயின். சரிபார்ப்பவர்கள் எத்தனை பேர், அவர்கள் யார் என்பதில்தான் அதன் பலம் இருக்கிறது.

ஆக்ஸி இன்ஃபினிட்டி என்ற கேமுக்காக உருவானது ரோனின் நெட்வொர்க். கட்டணம் குறைவு, வேகம் அதிகம். ஆனால் 2022 மார்ச்சில் சரிபார்ப்பவர்கள் 9 பேர்தான் இருந்தார்கள். அதில் 5 பேரின் டிஜிட்டல் கையெழுத்து இருந்தால் பணத்தை வெளியே எடுக்க முடிந்தது. 4 கையெழுத்துக்கான சாவிகள் ஒரே நிறுவனத்திடம் இருந்தன. அந்த மாதம் ஹேக்கர்கள் 5 சாவிகளைக் கைப்பற்றி, 60 கோடி டாலருக்கும் மேல் சுருட்டிவிட்டார்கள். 6 நாள் கழித்துத்தான் விஷயமே தெரிந்தது!

வேகத்துக்குப் பெயர்போன சொலானாவும் 2021 செப்டம்பரில் சுமார் 17 மணி நேரம் நின்றுபோனது.

எத்தீரியத்தில் நெரிசல் நேரத்தில் கட்டணம் ஏறும், உண்மைதான். ஆனால் அது 2015 முதல் இயங்குகிறது. பல நாடுகளில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் அதைச் சரிபார்க்கின்றன. அதற்கு எழுதிய புரோகிராம் பாலிகான், ஆர்பிட்ரம் போன்றவற்றிலும் பெரிய மாற்றமின்றி ஓடும். பிறகு இடம் மாற நினைத்தாலும் வழி இருக்கிறது.

டோக்கன் வாங்குபவருக்கு நெட்வொர்க்கைத் தெரியாது, உங்களைத்தான் தெரியும். பணம் போனால் உங்களிடம்தான் கேட்பார். மிச்சம் பிடித்த கட்டணம் அப்போது கைகொடுக்காது.