மணிமுத்தாறில் எழும்பிய விமானம்

செவ்வாய்க்கிழமை காலையில் பேப்பரைப் பிரித்ததும் உள்ளேயிருந்து ஒரு நோட்டீஸ் விழுந்தது. வழவழப்பான தாள். வெள்ளைச் சட்டை, தோளில் தங்கக் கோடு, பின்னால் ஜெட் விமானம். பிளஸ் டூ முடித்தவர்கள் பைலட் ஆகலாமாம். தவணை வசதி உண்டு என்பது மட்டும் கொட்டை எழுத்தில். வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்பது எந்த மூலையிலும் இல்லை. மருத்துவச் சோதனை பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. பிள்ளையின் ஆசையைக் காட்டி அப்பனின் தோட்டப் பத்திரத்தை வாங்கப் பார்க்கிற தாள் அது.

அதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன். சாயங்காலம் எங்கள் ஊர் வெல்டிங் பட்டறைப் பையன் வந்துவிட்டான். அவன் கையிலும் அந்த நோட்டீஸ்.

"சார், இது எனக்கு வேணாம். நானே ஒரு சின்ன பிளேன் செய்யணும். ஓட்டக் கத்துக்கிட்டுச் செய்யவா, செஞ்சு முடிச்சிட்டுக் கத்துக்கவா?"

இவ்வளவு நல்ல கேள்வியை நான் கேட்டு வெகுநாளாயிற்று. நோட்டீஸை மடித்து ஓரமாக வைத்துவிட்டேன்.

அவனுக்கு முதலில் சஜி தாமஸ் கதையைச் சொன்னேன். தூரத்து ஆள் இல்லை. குமுளி மலை ஏறி அந்தப் பக்கம் போனால் இடுக்கி மாவட்டம்; அங்கே தொடுபுழா பக்கத்துக்காரர். பிறவியிலேயே காது கேளாது, பேச்சு வராது. ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. ரப்பர் தோட்டத்துக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டரைச் சிறுவயதில் பார்த்தவர், அதை மறக்கவே இல்லை. எலக்ட்ரீஷியன் வேலை, போட்டோ எடுக்கிற வேலை என்று பார்த்துக்கொண்டே இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம் ஒன்றைக் கட்டி முடித்தார். 2014இல் அது நம் திருநெல்வேலிப் பக்கம் மணிமுத்தாறில் வானத்தில் ஏறியது. ஓட்டியவர் சஜி இல்லை. விமானப் படையில் இருந்து ஓய்வுபெற்ற விங் கமாண்டர் எஸ்.கே.ஜே. நாயர்.

பல வருடம் பாடுபட்டுச் செய்த விமானத்தின் முதல் பறப்பைத் தேர்ந்த கைக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் நிற்பதற்கு எப்பேர்ப்பட்ட மனசு வேண்டும்! விமானத்தைச் செய்ததற்குச் சமமாக அதையும் நான் மதிக்கிறேன்.

அப்புறம் ரைட் சகோதரர்கள். அந்தச் சைக்கிள் கடைக்காரர்கள் எஞ்சினைக் கடைசிக்குத் தள்ளிவைத்தார்கள். 1900, 1901, 1902 என்று மூன்று வருடமும் கிட்டிஹாக் மணல்மேட்டில் எஞ்சின் இல்லாத கிளைடர்தான். 1902இல் மட்டும் நூற்றுக்கணக்கான தடவை சரிந்து இறங்கினார்கள். விமானமும் வளர்ந்தது, ஓட்டுகிற கையும் வளர்ந்தது. அதே காலத்தில் சாமுவேல் லாங்லி என்ற பெரிய விஞ்ஞானி, அரசாங்கப் பணத்தில் அருமையான எஞ்சினோடு ஒரு விமானம் செய்தார். அதில் ஏறிய சார்லஸ் மேன்லி கெட்டிக்காரப் பொறியாளர். ஆனால் அதுவரை பறந்ததே இல்லை. கவண்போல் உந்திவிட்டதும் விமானம் பொட்டோமாக் ஆற்றில் விழுந்தது. 1903 டிசம்பர் 8இல் இரண்டாம் தடவையும் விழுந்தது. ஒன்பதே நாளில், டிசம்பர் 17 அன்று, ஆர்வில் ரைட் 12 விநாடி பறந்தார். லாங்லியின் விமானம் விழுந்ததற்கு உந்திவிட்ட சட்டத்தில் கோளாறு, அமைப்பில் பலவீனம் என்று காரணம் சொல்வார்கள். இருக்கட்டும். அது சரியாகவே எழும்பியிருந்தாலும் மேன்லிக்கு அதைக் காற்றில் நிறுத்தத் தெரிந்திருக்குமா? தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

பையன் பையிலிருந்து ஒரு அலுமினியப் பட்டையை எடுத்தான். வரிசையாகத் துளை போட்டுப் பழகியிருந்தான். ஒரு துளையின் விளிம்பில் விரலை வைத்துச் சுற்றச் சொன்னேன். பிசிறு விரலில் தட்டியது. அங்கிருந்துதான் விரிசல் தொடங்கும், அதிர்வு அதை வளர்க்கும் என்றேன். உடனே அரத்தை எடுத்துவிட்டான். இந்தப் பொறுமை உள்ளவன் விமானம் செய்யலாம். ஆனால் வருடங்கள் ஆகும். முழுப் பயிற்சியையும் இன்றைக்கே முடித்துவிட்டு ஆறேழு வருடம் பட்டறையில் கிடந்தால் கை துருப்பிடிக்கும். கட்டின பணத்தை மறுபடி கட்ட வேண்டும். லண்டன் பக்கம் இருக்கும் ஆலப்புழைக்காரர் அசோக் தாமராக்ஷன் 2018இல் உரிமம் வாங்கிவிட்டு, லாக்டவுனில் கிட் வாங்கி வீட்டிலேயே நான்கு இருக்கை விமானம் கட்டினார். அவருக்கு ஓட்ட வாடகை விமானம் கிடைத்தது. நம் கம்பம் பள்ளத்தாக்கில் அது எங்கே கிடைக்கும்?

அதனால் அவனுக்கு நான் சொன்னது இது. இப்போது பத்து மணி நேரம் மட்டும் ஒரு நல்ல பயிற்சிப் பள்ளியில் பறந்து பார். றெக்கை கைக்கு என்ன சொல்கிறது என்று தெரிந்தால் நீ செய்கிற றெக்கை வேறு மாதிரி வரும். விமானம் முக்கால்வாசி முடிந்ததும் மீதிப் பயிற்சிக்குப் போ. தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தது 40 மணி நேரம் வேண்டும். நீ செய்த விமானத்தில் ஓட்டப் பழகாதே. முதல் பறப்பை இன்னொரு நாயரிடம் கொடு.

இதற்கெல்லாம் முன்னால், தம்பி, ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன்னால், விமானிக்கான இரண்டாம் வகுப்பு மருத்துவச் சோதனையை முடித்துவிடு. கண், காது எல்லாம் அதில் பார்ப்பார்கள். அந்தச் சீட்டு கைக்கு வந்ததும் பட்டையையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா.