பழைய தாளும் பறக்கும் உயிரும்

விமானத்தைப் பற்றி நமக்கென்ன பேச்சு என்று எண்ணிவிடாதீர்கள். இது உயிரைப் பற்றிய பேச்சு. சட்டத்தின் ஓரவஞ்சனையைப் பற்றிய பேச்சு.

மேகம் மூடிவிட்டது. நிலம் தெரியவில்லை, விளக்கும் தெரியவில்லை. விமானி என்ன செய்வார்? கருவிகளின் முள்ளைப் பார்ப்பார். பக்கத்திலுள்ள இறங்குமுறை வரைபடத்தைப் பார்ப்பார். எந்தத் திசையில் வருவது, எந்த இடத்தில் எந்த உயரத்துக்குக் கீழே போகக் கூடாது, ஓடுபாதை தெரியாவிட்டால் எப்படி மேலேறித் திரும்புவது, அத்தனையும் அந்த ஒரு தாளில்! அந்தத் தாள் பழைய தாளாக இருந்தால்?

அமெரிக்க நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். பெரிய விமானமா? நடப்பிலுள்ள வரைபடம் விமானியின் கைக்கெட்டும் இடத்தில் இருந்தே தீரவேண்டும் என்கிறது. ஒற்றை எஞ்சின் பூட்டிய சிறு விமானத்தைச் சொந்தத்துக்கு ஓட்டுபவரா? புறப்படுமுன் கிடைக்கும் செய்தி அனைத்தையும் அறிந்துகொள் என்பதோடு நின்றுவிடுகிறது. வரைபடம் கட்டாயம் என்று வாய்திறந்து சொல்லவில்லை. விபத்து நேர்ந்த பிறகோ, "ஏன் அறியவில்லை?" என்று அவர்மேல் குற்றம் சாட்ட இடம் வைத்திருக்கிறது!

கேட்கிறோம்: பெரிய விமானத்துக்கு ஒரு நீதி, சிறிய விமானத்துக்கு ஒரு நீதியா? சட்டம் ஊமையாக இருக்கலாம். எதிரே நிற்கும் மலை விலகி வழிவிடுமா?

"சென்ற மாதத் தாளுக்கும் இந்த மாதத் தாளுக்கும் வேறுபாடே இராது" என்பர் சிலர். பலமுறை இராது, ஒப்புகிறோம். ஆனால், 28 நாட்களுக்கு ஒருமுறை திருத்தங்கள் நடைமுறைக்கு வருகின்றன. புதிய கோபுரம் எழுந்திருக்கும். வானொலி அலைவரிசை மாறியிருக்கும். இறங்கத்தக்க உயரம் கூட்டப்பட்டிருக்கும். மாறவில்லை என்பதைப் புதிய தாளைப் பாராமல் எப்படி அறிவது?

"செலவு" என்பர். அந்நாட்டு அரசே இணையத்தில் இலவசமாகத் தருகிறது. கைக்கணினியில் வைத்துக்கொள்ளவும் இடமுண்டு. பிறகென்ன சாக்கு?

இந்த வரைபடம் பிறந்த கதை தெரியுமா? மாளிகையில் பிறக்கவில்லை, உழைப்பாளியின் சட்டைப்பையில் பிறந்தது! தபால் விமானம் ஓட்டிய எல்ரே ஜெப்சன், மலைகளின் உயரத்தையும் இறங்குதளங்களின் அமைப்பையும் சிறு குறிப்பேட்டில் எழுதிவைத்தார். தோழர்கள் கேட்டார்கள், 1934இல் படியெடுத்து விற்றார். தன்னுடன் தொழில் செய்தவர்கள் மலையில் மோதி மடிவதைக் கண்டவர் எழுதிய ஏடு அது.

1974 டிசம்பர் 1. வாஷிங்டன் அருகே டல்லஸ் விமான நிலையத்தை நோக்கி வந்த டி.டபிள்யூ.ஏ. போயிங் 727, 1,800 அடிக்கு இறங்கலாம் எனக் கருதி இறங்கியது, மலையில் மோதியது. 92 பேர் மாண்டனர். அங்கே தாள் பழையதன்று. கையில் வரைபடம் இருந்தது. பொருள் கொள்வதில்தான் குழப்பம். தாளிருந்தும் தப்பவில்லையென்றால், காலாவதியான தாளை நம்பி இறங்குவோரின் கதி என்ன?

ஆகவே சொல்கிறோம்: மேகத்துக்குள் இறங்கும் எவராயினும், விமானம் எத்தனை சிறிதாயினும், நடப்பிலுள்ள வரைபடம் கட்டாயம் என்று சட்டம் ஐயத்துக்கிடமின்றி எழுதப்படட்டும். பிணத்தருகே நின்று குற்றப்பத்திரிகை படிக்கும் சட்டம் வேண்டாம். புறப்படும் முன்பே கைபிடித்து நிறுத்தும் சட்டம் வேண்டும்!